பிளாஸ்டிக் பம்பரில் துரு ஏது?

வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத வெள்ளைக் காரில் ஊசிமுனை அளவுக்கு ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிந்தால், தகடே மட்டம் என்றுதான் உடனே முடிவு கட்டுகிறோம். முதலில் பம்பரைப் பாருங்கள். அது பிளாஸ்டிக். அதிலும் அதே புள்ளிகள் இருந்தால், அந்தத் துரு வெளியிலிருந்து வந்து ஒட்டியது. பிரேக் டிஸ்க் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் தேய்ந்து, சூடான இரும்புத்தூள் பறக்கிறது. தண்டவாள ஓரத்திலும் கிரைண்டர் ஓடும் பட்டறைப் பக்கத்திலும் இன்னும் அதிகம். அந்தத் துகள் பெயின்ட்டின் மேல்பூச்சில் குத்தி உட்கார்ந்து, மழையிலும் பனியிலும் நனைந்து துருப்பிடிக்கிறது. விரலால் தடவினால் சொரசொரக்கும். கறுப்புக் காரிலும் இது உண்டு, கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

கடற்கரை உப்புக்காற்று காரணமில்லையா என்று கேட்கலாம். உப்பு துருவை வேகப்படுத்தும், உண்மை. ஆனால் அது தகட்டைத் தொட பெயின்ட்டில் வழி வேண்டும். கல் பட்டுப் பெயர்ந்த இடத்திலோ மடிப்பு ஓரத்திலோ தொடங்கி, பெயின்ட் கொப்பளித்து எழும்பும். கல் பட்ட தடம் இல்லாமல் அப்படிக் கொப்பளம் இருந்தால் வாரண்டி கேட்டு வாதாடுங்கள். வெறும் புள்ளி என்றால் இரும்புத்தூள் நீக்கும் திரவத்தைத் தெளியுங்கள். ஊதா நிறத்தில் வழியும். மிச்சத்தைக் களிமண் போன்ற கிளே பார் கட்டி எடுத்துவிடும். தயவுசெய்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள்; தகட்டைக் காக்கும் பூச்சே போய்விடும்.