பதினொன்று

விமான விபத்து விசாரணை அறிக்கைகளை வாசிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. சர்வர் விழுந்தால் மென்பொருள்காரர்களான நாங்கள் எழுதும் அறிக்கைகளைவிட அவை பொறுமையானவை. யார் செய்தது என்று கேட்பதோடு நிற்காமல், ஏன் அப்படிச் செய்யும்படி ஆனது என்றும் கேட்பவை. அவற்றில் என்னை அதிகம் தொந்தரவு செய்த ஒரு சொல், 'பதினொன்று'.

2008 ஆகஸ்ட் 20, மாட்ரிட். ஸ்பேன்ஏர் நிறுவனத்தின் எம்டி-82 விமானம் ஒரு கோளாறால் ஓடுபாதை அருகிலிருந்து திரும்பி வந்து, தாமதமாக மறுபடி கிளம்புகிறது. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் படிக்கும் செக்லிஸ்ட்டின் கடைசி வரி ஃப்ளாப். இறக்கையின் பின்விளிம்பில் நீளும் இந்தத் தகடுகள்தான் குறைந்த வேகத்திலும் விமானம் மேலெழ உதவுகின்றன. அந்த வரிக்கு வரும் நேரத்தில், நகர அனுமதி கேட்கும்படி கேப்டன் துணை விமானியிடம் சொல்கிறார். வரி விட்டுப்போகிறது.

புறப்படும் முன் இறுதிச் சரிபார்ப்பில் ஃப்ளாப் மறுபடி வருகிறது. துணை விமானி 'பதினொன்று' என்கிறார். 11 டிகிரி, இருக்க வேண்டிய அளவு. ஃப்ளாப் இருந்ததோ பூஜ்யத்தில். எச்சரிக்கை ஒலியும் எழவில்லை. 172 பேரில் 154 பேர் இறந்தார்கள்.

"ஒழுங்கா பாத்திருந்தா என்ன?" என்று கேட்டுவிடலாம். ஆனால் 1987 ஆகஸ்ட் 16 அன்று டெட்ராய்ட்டில் நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் எம்டி-82 இதே மாதிரி விழுந்திருந்தது. கடைசி நேரத்தில் ஓடுபாதை மாறியது, செக்லிஸ்ட் படிக்கப்படவில்லை, எச்சரிக்கைக் கருவிக்கு மின்சாரம் இல்லை. தரையில் இருந்த இருவரோடு சேர்த்து 156 பேர்.

அசாஃப் டெகானியும் ஏர்ல் வீனரும் நாசாவுக்காக விமானிகளோடு காக்பிட்டில் அமர்ந்து கவனித்து, 1990இல் ஓர் ஆய்வறிக்கை எழுதினார்கள். முக்கியமான வரிகளை முதலிலேயே வையுங்கள். நீண்ட பட்டியலைப் பிரியுங்கள். 'சரி' என்று பதில் சொல்லாமல் உண்மையான அளவைச் சொல்லுங்கள். இப்படிப் பல பரிந்துரைகள்.

மாட்ரிட்டில் அளவைத்தானே சொன்னார்? அதுதான் சிக்கல். தினமும் சரியாக இருக்கும் ஒன்றைக் கண் தேடிப் பார்ப்பதில்லை, நாக்கு முந்திக்கொள்கிறது. பதில் முன்பே தெரிந்துவிட்டால் கேள்வி மந்திரமாகிவிடும்.

எங்கள் அலுவலகத்தில் புது வெர்ஷன் ஏற்றும் முன் நிரப்பும் பட்டியலில் 'பேக்கப் பார்த்தாச்சா?' என்று ஒரு வரி இருந்தது. எல்லோரும் டிக் போடுவோம். அதை 'கடைசி பேக்கப் எத்தனை மணிக்கு, எவ்வளவு எம்பி?' என்று மாற்றினேன். "எதுக்கு ப்ரோ, டிக் போட்டா போதாதா?" என்றார்கள். தினமும் மாறும் எண்ணை மனப்பாடமாகச் சொல்ல முடியாது, திரையைத் திறந்தே ஆகவேண்டும். காக்பிட்டில் அந்த வசதி குறைவு. அதனால்தான் டெகானியும் வீனரும் சொல்லும்போதே கையால் தொட்டுப் பார்க்கவும் சொன்னார்கள். நாக்கைவிடக் கைக்கு ஏமாற்றத் தெரியாது.

கையும் தவறினால் எச்சரிக்கை ஒலி இருக்கிறது, அது வேலை செய்தால். டெட்ராய்ட்டுக்குப் பிறகு, ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் முன் அதைச் சோதிக்கும்படி தயாரிப்பு நிறுவனம் பரிந்துரைத்திருந்தது. ஸ்பேன்ஏரின் நடைமுறையில் ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் அந்தச் சோதனை கிடையாது. 'பதினொன்று' என்று சொன்னவரைக் குற்றம் சாட்டும் முன், இடையில் போன 21 ஆண்டுகளைப் பற்றித்தான் கேட்கத் தோன்றுகிறது.