கழுத்தில் ஒரு நெறி

ஜூன் 14, 2025
இடது தாடைக்குக் கீழே கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி. வலியில்லை. அம்மாவிடம் போனில் சொன்னேன். "நெறி கட்டியிருக்கும் கண்ணு. சொத்தைப் பல்லு இருக்கான்னு பாரு, ஒத்தடம் குடு."

ஜூலை 5
ஒத்தடத்துக்குப் பிறகு சாப்பிட்ட ஆண்டிபயாட்டிக் தீர்ந்தும் கட்டி வற்றவில்லை. பக்கத்தில் இன்னொன்று. சாயங்காலமானால் உடம்பு காய்கிறது. புனே ஹிஞ்சேவாடியின் சிவாஜி சௌக் நெரிசலில் கேப் நிற்கும்போதெல்லாம் கை கழுத்துக்கே போகிறது.

ஜூலை 15
வாகடில் டாக்டரைப் பார்த்தேன். உடம்பில் சுமார் 600 நிணநீர்க் கணுக்கள் உண்டாம். கிருமியை மறித்துப் போராடும்போது வீங்கும்; சளி, தொண்டைப்புண் என்றால் சில வாரங்களில் வற்றிவிடும். நாலு வாரம் தாண்டினாலோ, கெட்டியாகி நகராமல் நின்றாலோ, காறையெலும்புக்கு மேலே வந்தாலோ, எடை குறைந்தாலோ சோதித்தே ஆக வேண்டும். "புற்றுநோயா?" என்றேன். அதுவாகவும் இருக்கலாம், டிபியாகவும் இருக்கலாம் என்றார். ஊசி குத்தி உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் தேய்த்தார்கள். வலி கொஞ்சம்தான். அழுகைதான் நிற்கவில்லை.

ஜூலை 18
இன்னும் ரிப்போர்ட் வரவில்லை.

ஜூலை 21
டிபி. ஜீன்எக்ஸ்பர்ட் என்ற மரபணுச் சோதனையும் உறுதி செய்துவிட்டது. நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. ஆறு மாத மருந்து: முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, பிறகு மூன்று. அரசின் டிபி பதிவேடான நிக்‌ஷயில் பதிந்தார்கள், சத்துணவுக்கு அரசு மாதம் 1000 ரூபாய் தருமாம். புற்றுநோய் இல்லை என்றதும் அப்படியொரு சந்தோஷம்.

ஜூலை 27
அறைத்தோழி என் தட்டைத் தனியே எடுத்து வைத்துவிட்டாள். நுரையீரலில் இல்லை, கணுவில் மட்டும் இருப்பது பரவாது என்றேன். தலையாட்டினாள். தட்டு தனியாகவே இருக்கிறது. அம்மாவோ, "யார்கிட்டயும் மூச்சு விடாத, நாளைக்குக் கல்யாணம் காட்சி இருக்குல்ல" என்கிறாள். இத்தனைக்கும், 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில், நுரையீரல் டிபி உள்ளவர்களில் பாதிப் பேரை சானடோரியத்திலும் மீதிப் பேரை வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதேபோலக் குணமானார்கள். அவர்கள் குடும்பத்தினருக்குத் தொற்றும் ஆபத்தும் கூடவில்லை. உலகமே ஏற்றுக்கொண்டது. எங்கள் சமையலறை ஏற்கவில்லை.

ஆகஸ்ட் 3
மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது.

ஆகஸ்ட் 24
கட்டி பெரிதாகிவிட்டது! மருந்து சரியாக வேலை செய்யும்போதும் சிலருக்கு இப்படி வீங்குமாம். நிறுத்தக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். ராத்திரி முழுக்கத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

செப்டம்பர் 17
டீமில் ஒருவர், பையன் கழுத்தில் ரொம்ப நாளாக நெறி கட்டியிருக்கிறது என்றார். எனக்கு டிபி என்பதைச் சொல்லி, கழுத்தையும் காட்டினேன். அவரிடம் சொன்னதையே இங்கும் எழுதி வைக்கிறேன்: நாலு வாரமாகியும் வற்றவில்லையென்றால் ஒத்தடத்தோடு நிற்காதீர்கள், டாக்டரிடம் போய்ச் சோதித்துப் பாருங்கள்.