சொல் புரிந்த பிறகும்

நியூசிலாந்தின் கிழக்குக் கரையில் கிஸ்போர்ன் என்றொரு சிறு நகரம். ஜேம்ஸ் குக் அந்நாட்டில் முதன்முதலாகக் கரையிறங்கிய இடம் அதுவே. 1906-இல் நிறுவப்பெற்ற நினைவுத்தூண் இன்றும் நிற்கிறது. அலையோரம் நிற்கும் தூணை எதிர்பார்த்துச் சென்ற நமக்கு ஏமாற்றமே. துறைமுகத்துக்காகக் கடலைத் தூர்த்துவிட்டார்கள். தூணுக்கும் நீருக்கும் நடுவே ஏற்றுமதிக்கான பைன் மரக்கட்டைகள் மலைபோல் குவிந்து கிடந்தன.

1769 அக்டோபரில் ஒரு மாலை. கரையில் படகைக் காத்திருந்த கப்பற் சிறுவர்களை நோக்கி மாவோரியர் நால்வர் ஆயுதங்களோடு வந்தனர். துப்பாக்கி வெடித்தது. தெ மாரோ என்பவர் மாண்டார். இரு தரப்பாரும் ஒரு சொல்லும் பேசிப் புரிந்துகொள்ளாத நிலையில் நேர்ந்த சாவு அது.

மறுநாள் குக், துபாயாவை உடன் அழைத்து வந்தார். தஹிதிக்கு அப்பாலுள்ள ராயத்தேயா தீவின் பூசகர் அவர், கடல்வழி தேர்ந்தவர். ஆற்றின் எதிர்க்கரையில் திரண்டு நின்றவர்களிடம் தம் மொழியில் பேசினார். அவர்களுக்குப் புரிந்தது! ஏறத்தாழ 4000 கிலோமீட்டர் கடல் இடையே கிடந்தும், நூற்றாண்டுகள் பல கடந்தும், அம்மொழிகளின் உறவு அறுந்திருக்கவில்லை. தமிழ் கற்பிக்கும் நமக்கு மெய்சிலிர்த்த இடம் இதுதான். மாவோரியர் ஒருவர் ஆற்றிடைப் பாறைக்கு நீந்தி வந்தார். குக்கும் துப்பாக்கியை வைத்துவிட்டு அங்கே சென்றார். மூக்கோடு மூக்கு வைத்து வாழ்த்திக்கொண்டனர்.

மொழி புரிந்தால் பகை தீரும் என்று வகுப்பறையில் பலமுறை சொல்லியிருக்கிறோம். இங்கே தீரவில்லை. சற்று நேரத்தில் தெ ராகாவ் என்பவர், வந்தவர்களில் ஒருவரின் குறுவாளைப் பறித்தார்; சுடப்பட்டு இறந்தார். அன்றே விரிகுடாவில் தோணியில் வந்தோரில் மேலும் சிலர் சுடப்பட்டனர். வாழ்த்துக்குச் சாட்சியான பாறையையும் 1877-இல் துறைமுகப் பணிக்காக வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

250 ஆண்டுகள் கழித்து, 2019-இல், பிரித்தானியத் தூதர் அங்கு வந்து மாண்டவர்களின் வழித்தோன்றல்களிடம் வருத்தம் தெரிவித்தார். அது மன்னிப்பாக அமையவில்லை. இவ்விரு சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டை எவரும் எவருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. தெ மாரோவின் நினைவாக அதே ஆண்டில் அருகிலுள்ள குன்றின் சரிவில் ஒரு சிற்பம் எழுந்தது. அதன் முன் நெடுநேரம் நின்றிருந்தோம்.

மொழிக்குடும்பங்களைப் பற்றிய பாடத்தில் இனித் துபாயாவின் கதையைத் தவறாமல் சொல்வோம். தெ ராகாவின் பெயரையும் சேர்த்தே சொல்வோம்.