வேப்பம்பட்டு வெயிலும் சீனத்து மூச்சும்

அக்னி நட்சத்திரம் மே 4ஆம் தேதி தொடங்கி 28ஆம் தேதி வாக்கில் முடியும் என்று காலண்டரில் போட்டிருப்பார்கள். எங்கள் வேப்பம்பட்டு வெயிலுக்குக் காலண்டர் பார்க்கும் வழக்கம் கிடையாது. ஏப்ரலிலேயே வந்து உட்கார்ந்துவிடும். மெரினாவுக்கு மதியம் வாக்கில் வருகிற கடல்காற்று அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர் எல்லாம் தாண்டி எங்களிடம் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மேற்கே இருந்து அனல்காற்று பலமாக அடித்தால் அன்றைக்கு அதுவும் வராது.

எனக்கு வெயில் புதிதல்ல. அம்பத்தூரில் ஒரு பவுண்டரியில் 31 வருடம் உலைக்கு முன்னால் நின்றவன். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி அடித்ததே, அன்றும் எனக்குப் பகல் ஷிப்ட்தான். ஒருநாள்கூட மயங்கி விழுந்ததில்லை. ரிட்டயர் ஆன பிறகுதான் விழுந்தேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

மகள் சிங்கப்பூரில் தோ பாயோவில் இருக்கிறாள். அங்கே மூன்று மாதம் இருந்தபோது, காலையில் புளோக்குக்குக் கீழே சீனப் பெரியவர்கள் பத்துப் பதினைந்து பேர் வரிசையாக நின்று கைகளை மெதுவாகத் தூக்கி இறக்குவதைப் பார்ப்பேன். ஒருநாள் ஓரமாக நின்று நானும் கையைத் தூக்கினேன். சொல்லிக் கொடுத்த அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. இரண்டே வார்த்தையில் பாடம் நடந்தது: "ஸ்லோ, அங்கிள். ஸ்லோ."

அதற்குப் பெயர் சீகோங். 'சீ' என்றால் நாம் பிராணன் என்கிறோமே, கிட்டத்தட்ட அது. 'கோங்' என்றால் நாள்பட்ட உழைப்பு. என் மனைவியிடம் போனில் சொன்னபோது, "சீ... பேரே சரியில்லையேங்க" என்றாள்.

நான் கற்றது அதில் 'பாதுவான்ஜின்' என்ற எட்டுப் பயிற்சிகள். 800 வருடத்துக்கு மேல் பழமையானவை. 2003இல் சீன அரசின் விளையாட்டுத் துறை இவற்றை ஒழுங்குபடுத்தி வெளியிட்டது. முதல் பயிற்சி, இரு கைகளாலும் வானத்தைத் தாங்குவது. இரண்டாவது, வில்லை இழுப்பது. ஐந்தாவதுதான் எனக்குப் பிடித்தது. குதிரை மேல் உட்கார்ந்தமாதிரி காலை அகட்டி, உடம்பைச் சாய்த்துச் சுழற்ற வேண்டும். அதன் பெயருக்கே 'இதயத்தின் தீயைப் போக்குவது' என்றுதான் பொருள். கோடைக்கும் இதயத்துக்கும் தொடர்பு உண்டு என்பது அவர்கள் வைத்தியம். நாம் பித்தம், உஷ்ணம் என்று சொல்லி சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கு அது ஒரு சித்தப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பியதும் தினமும் மொட்டை மாடியில் ஆரம்பித்தேன். எதிர் வீட்டுக்காரர், "என்ன சார், ஆகாசத்துல ஒட்டடை அடிக்கிறீங்களா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேன். உண்மையிலேயே உடம்பு லேசானது. இரவில் தூக்கம் வந்தது. மனசு அமைதியானால் உடம்பு தானே குளிரும் என்று சீனர்கள் சொல்வது வாஸ்தவம்தான் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் பேச ஆரம்பித்தேன். அங்கேதான் கோளாறு.

போன வருடம் மே மாதம், பேங்க் பாஸ்புக் பதிய திருவள்ளூர் கிளம்பினேன். "என்னங்க, குடை" என்று மனைவி நீட்டினாள். "எனக்கெதுக்குடி குடை" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டுப் போனேன். தண்ணீர் பாட்டிலும் எடுக்கவில்லை. லோக்கல் ரயிலில் திரும்பி வேப்பம்பட்டில் இறங்கியபோது மணி பன்னிரண்டரை. ஆட்டோ எதற்கு, மூச்சைக் கவனித்தபடி நடந்தே போகலாம் என்று நடந்தேன். பாதி வழியில் சட்டை பிழியப் பிழிய வேர்த்தது. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவுதான் தெரியும்.

விழித்தபோது ஒரு இளநீர்க் கடை நிழலில் கிடந்தேன். கடைக்கார அம்மா என் தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றி, அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். எழுந்து உட்கார்ந்ததும் இளநீர் வெட்டிக் கொடுத்து, "ஏன் சார், வயசானவரு ஒரு கொடை எடுத்துட்டு வரக்கூடாதா?" என்றார். வீட்டில் ஒருத்தி கேட்டதையே ரோட்டிலும் கேட்க நேர்ந்தது.

டாக்டர் அழகாக விளக்கினார். வயதானால் தாகம் சரியாகத் தெரியாது. நான் சாப்பிடுகிற பிரஷர் மாத்திரையில் ஒன்று நீரை வேறு வெளியேற்றும். உடம்பின் சூடு 40 டிகிரியைத் தாண்டிப் பேச்சு குழறினால் அது உயிருக்கே ஆபத்து. நான் அதற்கு முந்தின படியில் தப்பித்திருக்கிறேன். "மூச்சுப் பயிற்சி மனசைத்தான் குளிர வைக்கும் சார். வெயிலுக்கு அது தெரியாது" என்றார்.

வீட்டில் படுத்தபடி மண்பானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? கசிகிற நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. நம் வியர்வையும் அப்படித்தான். சீதளியில் நாக்கைக் குழாய்போல் சுருட்டி மூச்சிழுத்தால் குளிர்வதும் அதனால்தான். ஆனால் பானையில் தண்ணீர் இருந்தால்தானே கசியும்? காலிப் பானை எப்படிக் குளிரும்?

பவுண்டரியில் என் மேஸ்திரி இதைத்தான் வேறுமாதிரி சொல்லுவார். "தாகம் எடுக்கிறதுக்கு முன்னாடி குடிச்சிரு. தலை லேசா கிறுகிறுன்னா விலகிடு. ரோஷப்படாதே." உப்புப் போட்ட மோர் நேரத்துக்கு வரும். 31 வருடம் நான் விழாததற்குக் காரணம், உலையிடம் எனக்குப் பயம் இருந்தது. தெருவில் விழுந்ததற்குக் காரணம் கர்வம்.

பயிற்சியை விடவில்லை. இப்போது காலை ஐந்தரைக்கு, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மாடி ஏறுகிறேன். ஐந்தாவது பயிற்சிக்கு முட்டி ஒத்துழைக்காது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பாதி இறங்குவேன். தசை வேலை செய்தால் சூடு உண்டாகும், வேகமாகச் செய்தால் அதிகச் சூடு. அந்தச் சிங்கப்பூர் அம்மா 'ஸ்லோ' என்றதன் அர்த்தம் இப்போதுதான் பிடிபடுகிறது. மெதுவாகச் செய்தால்தான் உடம்பு சொல்வது நம் காதில் விழும். 'போதும்' என்று அது சொல்லும்போது கேட்டு நிறுத்துவதுதான் எட்டுப் பயிற்சிக்கும் மேலான பயிற்சி.

பத்து மணிக்கு மேல் நாலு மணி வரை வெளியே போவதில்லை. போயே ஆகவேண்டும் என்றால் நீர்மோர், தொப்பி, குடை. ஸ்டேஷன் பக்கம் போனால் இளநீர்க்கார அம்மா தூரத்திலிருந்தே, "கொடை இருக்கா சார்?" என்று குரல் கொடுப்பார். இரண்டு கையாலும் குடையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவேன்.

பார்ப்பவர்களுக்கு அது முதல் பயிற்சி மாதிரியே இருக்கும்.