தலையாட்டிய கிடா

ஜூலை 27, ஞாயிறு

செம்பட்டியிலிருந்து வேன் பிடித்துக் குலசாமி கோயிலுக்குப் போனோம். பெரியப்பா வீட்டு நேர்த்திக்கடன். கருங்கிடா, கழுத்தில் செவ்வந்தி மாலை. பூசாரி அதன் முதுகில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார், அசையவில்லை. கூட்டமே மூச்சைப் பிடித்து நின்றது. இரண்டாவது செம்பைக் காதோரம் ஊற்றியதும் உடம்பை உதறித் தலையைச் சிலுப்பியது. “ஆத்தா உத்தரவு குடுத்துட்டா!” உடனே குலவை. அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

மச்சானை மண்டி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எட்டு மூட்டை சரக்கு குறைகிறதாம். சாவி மூன்று பேரிடம் இருக்கிறது. இருப்பு நோட்டில் கையெழுத்து இவருடையது. “எல்லாரும் சுத்தி நின்னு கேக்கையில தலையாட்டிட்டேன் மாப்ள” என்றார். “உங்க மச்சானைப் பலிகடா ஆக்கிட்டாங்களேடா” என்று அக்கா அழுதாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அக்கா சொன்ன சொல் மனதை விட்டுப் போகவில்லை. பலி, தெய்வத்துக்குக் கொடுப்பது. கடா, ஆட்டில் ஆண். எருமையில் ஆணும் கடாதான். எங்கள் பக்கத்துப் பேச்சில் பழியும் பலியும் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒலிக்கும். ஆனால் நம் கிடா யார் பழியையும் சுமப்பதில்லை. வேண்டுதலுக்காக உயிரை விடுகிறது.

பழி சுமந்த ஆடு பைபிளில் இருக்கிறது. லேவியராகமம் 16ஆம் அதிகாரம்: இரண்டு ஆடுகள், சீட்டுப் போடுவார்கள். ஒன்று கர்த்தருக்குப் பலி. மற்றதன் தலையில் ஆசாரியன் இரு கைகளையும் வைத்து, ஜனங்களின் பாவத்தை எல்லாம் அறிக்கையிட்டு, உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவான். அந்த ஆட்டுக்கு 1530இல் வில்லியம் டின்டேல் ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டாக்கினார். அந்தச் சொல்லுக்கு இன்று நாம் வைத்திருக்கும் தமிழ்தான் பலிகடா.

அங்கே பழி சுமந்தது ஒன்று, உயிர் விட்டது வேறொன்று. மச்சான் பழியையும் சுமந்தார், பிழைப்பையும் இழந்தார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

அக்கா வீட்டில் புளிச்சோறும் தேங்காய்ச்சோறும். மச்சான் கை நனைக்கவில்லை. மாலையில் லாரிக்காரர் ஒருவர் லோடு சீட்டுகளோடு வந்தார். மச்சான் லீவில் இருந்த இரண்டு நாளிலும் லோடு ஏறியிருக்கிறது.

காதில் தண்ணீர் பட்டால் எந்த உயிரும் தலையை உதறும். அதைச் சம்மதம் என்று சொன்னது சுற்றி நின்றவர்கள். அன்று நானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றேன்.

நாளைக் காலை மண்டிக்கு மச்சானோடு நானும் போகிறேன். சீட்டுகளை என் சட்டைப்பையில் எடுத்து வைத்துவிட்டேன்.