வாளா, கோடரியா, கதாயுதமா?

நானா விளையாடும் ‘வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்’ என்ற இணைய விளையாட்டு 2004இல் வெளிவந்தது. அன்று அதில் போர்வீரன் விரும்பிய ஆயுதத்தில் விசேட தேர்ச்சி பெறலாம். வாளால் சிலவேளை மேலதிக அடி விழும். கோடரியால் இருமடங்கு அடிக்கான வாய்ப்புக் கூடும். கதாயுதம் சிலவேளை எதிரியைச் சில கணம் அசையவிடாது. எது சிறந்தது என்று ஓயாத வாதம். 2010இல் அந்தத் தேர்ச்சிகளையே எடுத்துவிட்டார்கள். வாதம் முடிந்தது, தெரிவும் முடிந்தது.

எங்கள் கந்தப்பளைத் தோட்டங்களில் கவ்வாத்துக் கத்திக்கு ஒரு வேலை, மண்வெட்டிக்கு ஒரு வேலை. ஒன்றை மற்றதாக்கி யாரும் சமப்படுத்துவதில்லை.

நானா உயர்தரத்தில் கணிதப் பிரிவு. நான் கலைப் பிரிவு. “நீயும் கணிதமே எடுத்திருக்கலாமே” என்கிறார்கள் உறவினர்கள். சமநிலை என்பது எல்லோர் கையிலும் வாளைக் கொடுப்பதல்ல. நானாவின் கணிதத்துக்கு உள்ள மதிப்பை என் தமிழுக்கும் கொடுப்பதுதான்.