இலையை எண்ணும் வேலை

இன்று கொஞ்சம் இயற்பியல். பயப்படாமல் படியுங்கள், பரீட்சை எல்லாம் வைக்க மாட்டேன்.

ஆக்சியான் என்று ஒரு துகள். அது இருக்கிறதா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. அணுக்கருவைக் கட்டி வைக்கும் விசையில் இருந்த ஒரு புதிருக்கு 1977-இல் பெச்சே, குவின் என்ற இருவர் விடை சொன்னார்கள். அந்த விடை சரியென்றால் மிக லேசான புதுத் துகள் ஒன்று இருந்தாக வேண்டும் என்று 1978-இல் வைன்பெர்க்கும் வில்செக்கும் காட்டினார்கள். சிக்கலை வெளுத்துத் தருகிறதே என்று, அமெரிக்காவில் விற்ற ஒரு சலவைத்தூளின் பெயரையே வில்செக் அதற்கு வைத்துவிட்டார்.

நாற்பது வருடங்களுக்கு மேலாகத் தேடுகிறார்கள். கிடைக்கவில்லை.

என் பழைய மாணவர் ஒருவர் இந்தத் துறையில்தான் ஆராய்ச்சி செய்கிறார். அவருடைய அப்பா போன மாதம் போன் செய்தார். "சார், அஞ்சு வருஷமாத் தேடுறான். ஒண்ணும் கிடைக்கலைன்னு அவனே சொல்றான். நீங்க சொன்னா கேப்பான், வேற வேலைக்குப் போகச் சொல்லுங்க." வீட்டில் கடன் இருக்கிறது. அவர் கவலை நியாயமானது. அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

கல்யாணப் பந்தி முடிந்தபின் இலைகளை எண்ணினால் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று தெரிந்துவிடும். ஆட்களைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. பிரபஞ்சத்திலும் அப்படி மிஞ்சிய இலைகள் உண்டு. பெருவெடிப்புக்குப் பிந்தைய முதல் சில நிமிடங்களில் உருவான ஹீலியம், சாதாரணப் பொருளின் நிறையில் சுமார் 25 சதவீதம். அப்போது லேசான துகள் வகை இன்னொன்று கூடுதலாக இருந்திருந்தால் பிரபஞ்சம் வேகமாக விரிந்திருக்கும். நியூட்ரான்கள் புரோட்டான்களாக மாற நேரம் குறைந்திருக்கும். ஹீலியம் கூடியிருக்கும். இதை வைத்தே, நியூட்ரினோ வகைகள் நிறைய இருக்க முடியாது என்று 1977-இல் கணக்குப் போட்டார்கள். 1989-இல் செர்ன் ஆய்வகம் அளந்து பார்த்தது. மூன்றே வகை.

ஆக்சியானுக்கும் இரண்டு பக்கமும் வேலி போட்டிருக்கிறார்கள். நிறை மிகக் குறைவு என்றால், வழக்கமான அனுமானங்களின்படி, பிரபஞ்சத்தில் இப்போது உள்ளதைவிட அதிகக் கரும்பொருள் சேர்ந்திருக்கும். இதை 1983-இல் மூன்று குழுக்கள் தனித்தனியாகக் காட்டின. நிறை அதிகம் என்றாலும் இடிக்கிறது. 1987-இல் பெரிய மாகெல்லன் மேகத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்ததைப் பார்த்தார்கள். அதிலிருந்து வந்த நியூட்ரினோக்கள் சுமார் 10 விநாடி நீடித்தன. ஆக்சியான்கள் வெப்பத்தைத் திருடிப் போயிருந்தால் அவ்வளவு நேரம் நீடித்திருக்காது.

"ஐயா, உங்க பையன் தேடிப் பார்த்த இடத்தை இனி உலகத்துல யாரும் தேட வேண்டாம். அதுதான் அவன் கண்டுபிடிச்சது" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "போர் போடுறதுக்கு முன்னாடி தண்ணி இல்லாத இடத்தைக் கழிச்சுக் காட்டுற மாதிரியா சார்?" என்று கேட்டார்.

இதைவிட நன்றாக நான் வகுப்பில்கூடச் சொன்னதில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். ஊருக்கு வரும்போது "என்ன கண்டுபிடிச்சே?" என்று கேட்காதீர்கள். "எங்கெல்லாம் இல்லைன்னு தெரிஞ்சுது?" என்று கேட்டுப் பாருங்கள். ஆசையாக உட்கார்ந்து பேசுவான்.